வாடகையும் வரிப்படியும்

கையில் தங்கிய ஊதியத்தின்மேல் வரி விழலாம். கைவழியே கடந்துபோன பணத்தின்மேல் விழலாகாதென்பது எமது கருத்து. இங்கிலாந்தின் குடியிருப்பு வாடகை வரி இந்நெறியினின்றும் வழுவிற்று.

ஆண்டுக்கு 40,000 பவுன் சம்பளமும் 18,000 பவுன் வாடகையும் பெறும் ஒருவர், வீட்டுக்கடன் வட்டியாக 12,000 பவுன் செலுத்துகின்றாரெனக் கொள்வோம். பழைய முறையில், வட்டி நீங்கிய 6,000 பவுனுக்கே நூற்றுக்கு 20 வீதம் 1,200 பவுன் வரி. 2015-ஆம் ஆண்டுச் சட்டமோ, 2017 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்து 2020 ஏப்ரலில் நிறைவுற்று, வாடகை முழுவதையும் வருமானத்திற் சேர்த்தது. வட்டியில் நூற்றுக்கு 20 மட்டும் வரியிற் கழித்தது. ஆதலின் 2021–22-ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் வருமானம் 58,000 ஆயிற்று. 50,270-க்கு மேற்பட்ட 7,730 பவுன் நூற்றுக்கு 40 வீதப் படியில் ஏறிற்று. வட்டிக் கழிவு போக, வாடகையின் பொருட்டு அவர் இறுக்கும் வரி 2,746 பவுன். கையில் நின்றதோ அதே 6,000!

தாம் வாழும் வீட்டிற்குக் கடன்பட்டோர்க்கு வட்டிச் சலுகை இல்லையே என்பர் சிலர். உண்மையே, ஆயின் அவர் அவ்வீட்டின்பொருட்டு வாடகை பெறுவதுமில்லை, அதற்கு வருமான வரி இறுப்பதுமில்லை. மேலும், கடனின்றிப் பல வீடுகளை உடைய செல்வரையும், வட்டியை முழுதும் கழித்துக்கொள்ளும் கம்பெனிகளையும் இச்சுமை தீண்டாது. கடன்பட்ட தனிமனிதரையே அழுத்தும். வலியோரை விடுத்து மெலியோரைப் பற்றும் வரியை நீதியென யாம் ஒப்போம்.