சிம்சன் என்றால் பஸ் நிறுத்தம் மட்டும்தானா?

சென்னை அண்ணா சாலையில் பஸ்ஸில் போனவர்கள், கண்டக்டர் "சிம்சன்!" என்று கூவுவதைக் கேட்டிருப்பார்கள். பலருக்கு அது இறங்கும் இடம். அவ்வளவுதான்.

ஆனால், அங்கே நிற்கும் அந்தப் பழைய கம்பெனிக் கட்டிடத்துக்கும் உத்திரமேரூர் வயலுக்கும் உறவு உண்டு.

சிம்சன் கம்பெனி 1840-ல் தொடங்கியது. அன்று அதன் தொழில் குதிரை வண்டி கட்டுவது! பெரிய மனிதர்கள் ஏறும் கோச்சு வண்டிகள். பிறகு ரெயில் பெட்டிகளும் செய்தார்கள். 1903-ல் அந்தக் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர், நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். குதிரை இல்லாமல் வண்டி ஓடுவதைக் கண்ட சென்னைவாசிகள் எப்படி வாய் பிளந்திருப்பார்கள்!

வெள்ளைக்காரர்கள் நடத்திய இந்தக் கம்பெனி, பின்னர் எஸ்.அனந்தராமகிருஷ்ணன் என்ற தமிழர் கைக்கு வந்தது. 1964-ல் மறைந்த அவர், வண்டி கட்டுவதோடு நிற்கவில்லை. சிம்சன் டீசல் எஞ்சின் செய்யத் தொடங்கியது. 1960-ல் அவருடைய குழுமத்தில் 'டாபே' டிராக்டர் கம்பெனி பிறந்தது. செம்பியத்தில் டிராக்டர் தொழிற்சாலை எழுந்தது. அந்தக் கம்பெனி செய்யும் மாஸி பெர்குசன் டிராக்டர்கள் பலவற்றில் இன்றும் ஓடுவது சிம்சன் எஞ்சின்தான்.

உத்திரமேரூர் பக்கம் இன்று ஏர் மாடு பார்ப்பது அரிது. சேடை ஓட்டுவதற்கு டிராக்டர்தான் வருகிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஏழை விவசாயிக்கு அந்த வாடகை கனம்தான். ஆனாலும், மழை பெய்த ஈரம் காய்வதற்குள் உழுது முடிக்க அதை விட்டால் வேறு வழி இல்லை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரைப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய எழுத்துக்கள். குடவோலை முறையில் ஆள் எடுப்பது எப்படி, ஏரி வாரியத்துக்கு யார் வரலாம் என்று கல்லிலேயே எழுதி வைத்தார்கள். அதனால்தான் ஆயிரம் ஆண்டு கழிந்தும் ஏரியைக் காத்த வாரியத்தைப் பற்றி நமக்குத் தெரிகிறது.

சிம்சன் கட்டிடத்தின் கதையையும் அப்படி வாசலில் எழுதி வைக்க வேண்டும். குதிரை வண்டியில் தொடங்கி டிராக்டர் எஞ்சின் வரை வந்த கதை அது. தமிழில் எழுத வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிறவர், புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கூடப் படிக்கும்படி, எழுத்து பெரிதாக இருக்க வேண்டும்.