பொம்பளைங்க மேட்ச்சை யாருய்யா பாக்குறா?

வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். ஒருநாள் போட்டியில் முதன்முதலில் இருநூறு அடித்தது யார்?

"சச்சின்" என்று கோரஸாகக் கத்தினார்கள். குவாலியர், 2010, எதிரணி தென்னாப்பிரிக்கா என்று ஜாதகமே ஒப்பித்தான் ஒருவன். தப்பு மக்களே. அதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 1997 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் பெலிண்டா கிளார்க் 229 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். எங்கே? சச்சினின் சொந்த ஊரான மும்பையில். நம் நாட்டில் நடந்த மகளிர் உலகக் கோப்பையில்!

"டென்மார்க்கோடதானே அடிச்சாங்க, அதெல்லாம் ஒரு டீமா?" என்றான் கூகுள் பார்த்துவிட்டு. சரிப்பா. 2003 உலகக் கோப்பையில் சச்சின் 152 அடித்தது நமீபியாவோடு. அதை யாராவது கழித்துவிட்டா கணக்குப் பார்க்கிறோம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டின் முதல் உலகக் கோப்பையே பெண்களுடையதுதான். 1973, இங்கிலாந்து. ஆண்களுக்கு 1975இல்தான் வந்தது.

2005க்கு வருவோம். ஏப்ரல் 5, விசாகப்பட்டினம், பாகிஸ்தானோடு தோனி 148. அப்போது பிறக்காத பொடியன்கூட அதைச் சொல்வான். சரியாக ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 10, செஞ்சூரியன் மைதானத்தில் உலகக் கோப்பை ஃபைனல் ஆடியது இந்தியா. கேப்டன் தமிழ்க் குடும்பத்துப் பெண், மித்தாலி ராஜ். ஆஸ்திரேலியாவிடம் 98 ரன்னில் தோற்றார்கள். அந்த உலகக் கோப்பைக்கு மேட்சுக்கு ஆயிரம் ரூபாய் வீதம் கிடைத்ததாக மித்தாலியே பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். ஃபைனல் வரை போனவர்களுக்குக் கிடைத்த சம்பளம் அது!

உடனே நம்ம பி.காம். நண்பர்கள் ஆரம்பிப்பார்கள். "மச்சி, வருமானம் இருந்தாத்தானே சம்பளம்? யாரு பாக்குறா?"

சரி, கணக்கே பேசுவோம். முதல் போடாமல் லாபம் எங்கே என்று கேட்பது எந்த ஊர் வியாபாரம்? டிவியில் காட்டவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை, அதனால் டிவியில் காட்டவில்லை. இப்படி வட்டமாகச் சுற்றியே முப்பது வருடத்தை ஓட்டிவிட்டார்கள். 2025 நவம்பர் 2, நவி மும்பை ஃபைனலில் இந்தியா தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்றதே, அதை 18.5 கோடிப் பேர் பார்த்ததாக ஜியோஹாட்ஸ்டார் கணக்குச் சொன்னது. இப்போது சொல்லுங்கள், யாரு பாக்குறா?

மேட்ச் ஃபீஸை 2022இலேயே சமமாக்கிவிட்டார்களே என்பீர்கள். உண்மைதான், பாராட்டுகிறேன். ஆனால் வருட ஒப்பந்தத்தைப் பாருங்கள். 2024-25இல் பெண்களில் உச்ச கிரேடுக்கு 50 லட்சம். ஆண்களில் கடைசி கிரேடுக்கு ஒரு கோடி. ஹர்மன்பிரீத்தின் சம்பளம் கடைசி கிரேடு பையனின் சம்பளத்தில் பாதி!

நம்ம தமிழ்நாட்டுக் கதை தனி. 2025 உலகக் கோப்பை குவாஹாட்டி, இந்தூர், விசாகப்பட்டினம், நவி மும்பை, கொழும்பில் நடந்தது. சென்னைக்கு ஒரு மேட்ச்கூட இல்லை. கமுதியிலிருந்து காக்கா பறக்கிற கணக்கில் பக்கத்து மைதானம் கொழும்புதான், நம்புங்கள்! கோப்பை வென்ற அணியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. ஆனால் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண் யார் தெரியுமா? சென்னைக்காரரான திருஷ் காமினி. 2013, வெஸ்ட் இண்டீஸோடு சரியாக 100. வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னேன். "யாருடா அது, உன் ஆளா?" என்று சிரித்தார்கள்.

அவர்களைச் சொல்லி என்ன? நானே யோக்கியன் இல்லை. கண்மாய் வற்றியதும் கருவேல முள்ளை வெட்டிப் பிட்ச் போடுவோம். என் தங்கச்சி தினமும் வருவாள். அவளுக்கு பேட்டிங் கொடுத்ததே இல்லை. முள்ளுக்குள் போன பந்தை எடுத்துத் தருவதுதான் அவள் வேலை. தூரத்திலிருந்து அவள் எறிந்தால் பந்து நேராகக் கீப்பர் கைக்கு வரும். எங்களில் ஒருத்தனுக்கும் அந்தக் கை கிடையாது. எட்டாம் வகுப்பில் பெரியவள் ஆனதும் "இனி கண்மாய்ப் பக்கம் போகாதே" என்றார் அம்மா. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் பந்து எடுத்துப் போட ஆள் இல்லையே என்பதுதான் என் கவலையாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பொங்கல் டோர்னமெண்ட் கமிட்டி அண்ணன்களிடம் பெண்களுக்கும் ஒரு மேட்ச் வைக்கச் சொல்லிக் கேட்டேன். "டீம் எங்கடா இருக்கு? முதல்ல பதினோரு பேரைக் காட்டு" என்றார்கள். தங்கச்சியிடம் சொன்னேன். மூன்று நாளில் நோட்டுப் பேப்பரில் எட்டுப் பெயர் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறாள். முதல் பெயர் அவளுடையது.

இன்னும் மூன்று பேர் வேண்டும். கமுதியில் யாராவது இதைப் படித்தால் உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.