பின்னாடி யாருல மிதிச்சா?

சீஸன் நேரத்தில் தென்காசி நண்பன் யாருக்காவது போன் போட்டுப் பாருங்கள். ‘ஹலோ’வுக்கு அடுத்து ‘நல்லாருக்கியா?’ என்று கேட்க மாட்டோம். ‘அருவில தண்ணி விழுதா?’ என்றுதான் கேட்போம். அவனும் சலிக்காமல், ‘ஐந்தருவில அஞ்சும் விழுது, மெயின் அருவில கூட்டம் தாங்கல’ என்று ரன்னிங் கமென்ட்ரி கொடுப்பான்.

ஆனால் இந்த வாரம் மேட்டர் அருவி இல்லை பாஸ். குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் செய்த ஓர் அண்ணாச்சியின் கட்டைவிரல். அந்தக் கட்டைவிரல் செய்த வேலையைச் செய்வதற்காக விஞ்ஞானிகள் உருவாக்கிக்கொண்டிருக்கும் குட்டிக் கருவிகள். இந்த ரெண்டையும் பற்றித்தான் பேசப் போகிறோம்.

எனக்கு அப்போது காலேஜ் மூணாம் வருஷம். ஆறு பேர் கிளம்பிக் குற்றாலம் போயிருந்தோம். அதில் ஒருவன் எங்கள் காலேஜ் கபடி டீம் ரெய்டர். புலி மாதிரி பாய்வான். அவன் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்த அண்ணாச்சி, இடது குதிகாலுக்கு மேலே கட்டைவிரலை வைத்ததும் சட்டென்று நிறுத்திவிட்டார்.

“தம்பி, காலைல எந்திரிச்சதும் நொண்டுதீயளா?”

“ஆமா அண்ணாச்சி. பத்து நிமிஷம் நடந்தா சரியாயிரும்.”

“இந்த எடம் தடிச்சுக் கெடக்கு. கொஞ்ச நாளைக்குத் துள்ளி ஓடாதீய.”

“நாளான்னிக்கு செலக்‌ஷன் அண்ணாச்சி!”

“பொறவு உங்க இஷ்டம்.”

நாங்கள் சிரித்துவிட்டு பார்டர் பரோட்டா சாப்பிடப் போய்விட்டோம்.

ரெண்டு நாள் கழித்து செலக்‌ஷன். மூணாவது ரெய்டு. ஒருத்தனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பப் பாய்ந்தான். ‘டப்’ என்று ஒரு சத்தம், வெளியே நின்ற எங்களுக்கே கேட்டது. கீழே விழுந்தவன் திரும்பிப் பார்த்துக் கத்தினான்: “பின்னாடி யாருல மிதிச்சா?”

பின்னாடி யாருமே இல்லை.

குதிகால் நாண் அறுந்தவர்களில் நிறையப் பேர் ‘யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது’ என்றுதான் சொல்வார்களாம். பிற்பாடு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆபரேஷன், மாவுக்கட்டு, ஊன்றுகோல். அந்த வருஷ செலக்‌ஷனோடு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக் கனவும் போச்சு.

நரம்பும் இல்லை... ஜவ்வும் இல்லை!

நம்ம ஊரில் காலில் எது பிடித்தாலும் ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்போம். எது கிழிந்தாலும் ‘ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்போம். நரம்பு, மூளையின் செய்தியைக் கொண்டுபோகும் வயர். ஜவ்வு என்று நாம் சொல்வது எலும்பையும் எலும்பையும் கட்டும் தசைநார். நம்ம ஹீரோ மூணாவது ஆள். தசையை எலும்போடு கட்டும் கயிறு. பெயர் தசைநாண்.

அதிலேயே தடிமனானது, பலமானது, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாண். நீங்கள் ஓடும்போது ஒவ்வொரு எட்டுக்கும் உங்கள் எடையைப் போல 6 முதல் 8 மடங்கு இழுவிசை அதில் விழுகிறது. 60 கிலோ ஆசாமிக்கு 400 கிலோவுக்கு மேலே போகலாம். ஒரு காங்கேயம் காளையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி! அதுவும் ஒரு எட்டுக்கு ஒரு தடவை.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் கயிற்றுக்கு ரத்த ஓட்டம் கம்மி. ஜிம்முக்குப் போனால் சில வாரத்தில் தசை ஏறிவிடும். நாண் தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். தசை ‘நான் ரெடி’ என்று துள்ளும்போது நாண் இன்னும் தயாராகியே இருக்காது. அந்த இடைவெளியில்தான் ஆபத்து.

இது காலேஜ் பசங்களுக்கு மட்டும் வரும் பிரச்னை இல்லை. பாலக்காட்டு நீளம் தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கர், 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது அவருடைய முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள நாண் போனது. ஆபரேஷன். பாரிஸ் ஒலிம்பிக் கைநழுவியது. 2025-ல்தான் திரும்பக் களத்துக்கு வந்து 8 மீட்டரைத் தாண்டினார். நல்ல டாக்டர், நல்ல கோச் எல்லாம் உள்ளவருக்கே ஒரு வருஷத்துக்கு மேல். நம்ம கபடி ரெய்டருக்கு?

வீணைத் தந்தியும் குதிகாலும்

இனி கருவிகளுக்கு வருவோம். உடம்பில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்களில் முக்கியமாக மூணு வகை.

முதலாவது, தசையின் மின்சாரத்தைக் கேட்பது. தசை சுருங்கும்போதெல்லாம் மிகச் சின்ன மின்சாரம் உண்டாகும். தோல்மேல் ஒட்டும் வில்லை அதைப் பிடித்துவிடும். இதற்குப் பெயர் ஈ.எம்.ஜி. தசை களைக்கக் களைக்க அந்த சிக்னலின் அதிர்வெண் இறங்கிக்கொண்டே வரும். நீங்கள் ‘இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடுவேன்’ என்று பந்தா விட்டாலும், கெண்டைக்கால் உண்மையைச் சொல்லிவிடும்.

ரெண்டாவது, அசைவை அளப்பது. உங்கள் செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதே மாதிரி ஒரு சின்ன சிப். அதைக் காலில் கட்டினால் எவ்வளவு வேகத்தில் தரையில் மோதுகிறீர்கள், வலது காலும் இடது காலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்று தெரியும். நம்ம ஹாக்கி வீரர்கள் ஜெர்ஸிக்கு உள்ளே போடும் பனியனின் முதுகுப் பக்கத்தில், ஜி.பி.எஸ்.ஸோடு சேர்ந்து ஒளிந்திருப்பது இந்த ரகம்தான்.

மூணாவதுதான் செம மேட்டர். 2018-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேரில் தேலன் குழுவினர், நாணின் இழுவிசையை வெளியிலிருந்தே அளக்க ஒரு வழி சொன்னார்கள். வீணைத் தந்தியை முறுக்க முறுக்க ஸ்ருதி ஏறும் இல்லையா? இறுக்கமான தந்தியில் அதிர்வு வேகமாக ஓடும், தளர்ந்த தந்தியில் மெதுவாக ஓடும். அதே கதைதான். குதிகால் நாண்மேல், தோலுக்கு வெளியே, ஒரு குட்டிக் கருவி மெல்லத் தட்டும். பக்கத்தில் இருக்கும் ரெண்டு சென்சார்கள் அந்த அதிர்வு எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்கும். வேகம் தெரிந்தால் இழுவிசை தெரியும். ஊசி இல்லை, கத்தி இல்லை!

யோசித்துப் பாருங்கள். அண்ணாச்சியின் கட்டைவிரல் அழுத்திப் பார்த்தது. இந்தக் கருவி தட்டிப் பார்க்கிறது. ரெண்டும் கேட்பது அதே காலைத்தான்.

‘இதெல்லாம் வெளிநாட்டுக் கதை’ என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். நம்ம சென்னை ஐ.ஐ.டி., கர்நாடகாவில் இருக்கும் இன்ஸ்பயர் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஸ்போர்ட் என்ற பயிற்சி மையத்தோடு சேர்ந்து, குத்துச்சண்டை வீரர்களுக்காக ‘ஸ்மார்ட் பாக்ஸர்’ என்ற சிஸ்டத்தை உருவாக்கியிருப்பதாக 2023-ல் அறிவித்தது. கிளவுஸில் ஒரு சென்சார், காலணிக்குள் அழுத்தத்தை அளக்கும் அட்டை, கால் தசைகளில் ஈ.எம்.ஜி., உடம்பின் மேல்பகுதியில் அசைவு சென்சார். குத்து விடுவது கையாக இருந்தாலும் அதற்கான பலம் காலிலிருந்து எப்படி ஏறி வருகிறது என்று அதில் பார்க்கலாம்.

வாயில்லா வீரர்கள்

மனுஷனாவது ‘வலிக்குது’ என்று சொல்லலாம். சொல்ல முடியாத அத்லெட்டுகள் இருக்கிறார்களே!

பந்தயக் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே கிட்டத்தட்ட தசையே கிடையாது. எலும்பும் நீளமான நாண்களும்தான். முழு வேகத்தில் ஓடும்போது அந்த நாணின் உள்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாவதை 1990-களிலேயே அளந்திருக்கிறார்கள். அறுந்துபோகும் எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில்தான் ஒவ்வொரு ஓட்டமும். 2023-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் ஒரு மாத இடைவெளிக்குள் 12 குதிரைகள் இறந்துபோயின. கடைசியில் பந்தயங்களையே வேறு மைதானத்துக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது.

அங்கே இப்போது பேசப்படும் கருவிகளில் ஒன்று ‘ஸ்டிரைட்சேஃப்’. சேணத்துக்கு அடியில் போடும் துணியில் செல்போன் அளவில் ஒரு பெட்டி. குதிரையின் ஓட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்ன மாற்றத்தையும் பிடித்து டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும். சிவப்பு என்றால் ‘இந்தக் குதிரையை முதலில் டாக்டரிடம் காட்டு’ என்று அர்த்தம்.

இனி நம்ம ஊருக்கு வாங்க. தென் மாவட்டங்களில் கோயில் கொடை என்றால் மாட்டுவண்டிப் பந்தயம் இல்லாமலா? பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, தார் ரோட்டில் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டம். ஜல்லிக்கட்டு வழக்கு ஞாபகம் இருக்கிறதா? 2014-ல் சுப்ரீம் கோர்ட் தடை, 2017-ல் தமிழ்நாட்டின் சட்டத் திருத்தம், 2023 மே மாதத்தில் அந்தச் சட்டம் செல்லும் என்ற தீர்ப்பு. இத்தனை வருஷச் சண்டைக்கு நடுவில் இருந்த கேள்வி ஒன்றுதான். காளைக்கு வலிக்கிறதா, இல்லையா?

‘எங்க மாட்டை நாங்க பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்’ என்று சொல்கிற மாட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் மாடு நொண்ட ஆரம்பித்த பிறகுதான் அவருக்கே தெரியும். ஆபத்தை உணர்ந்து வாழ்ந்த பரம்பரை அது. வலியை மறைப்பது அதன் சுபாவம். காலில் ஒரு சென்சார் இருந்தால் முன்னாடியே தெரிய வாய்ப்பு உண்டு. கறவை மாட்டின் உடம்பில் சென்சார் மாட்டி, நடையையும் ஓய்வையும் வைத்து அதன் உடல்நிலையைக் கண்டுபிடிக்கும் வேலையை, சென்னை ஐ.ஐ.டி.யின் இன்குபேட்டரில் வளர்ந்த ‘ஸ்டெல்லாப்ஸ்’ கம்பெனி எப்போதோ ஆரம்பித்துவிட்டது. பால் மாட்டுக்கு முடிந்தது பந்தய மாட்டுக்கு முடியாதா?

எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற நண்பா, ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலைகிறாயா? அசைவு சென்சார் சிப் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கால்நடை மருத்துவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011-லேயே ஸோஹோ ஆபீஸ் போட்டு சாஃப்ட்வேர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ‘நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?’ என்ற கேள்வி அன்றைக்கே செத்துப்போச்சு.

கருவி சொல்லும்... நிறுத்துவது யாரு?

இப்போது ஒரு கசப்பு உண்மை. இந்தக் கருவிகள் ஜோசியம் சொல்லாது. ‘வர்ற வெள்ளிக்கிழமை உன் நாண் அறும்’ என்று எந்த ஆப்பும் காட்டாது. ‘நேற்றைக்கு இன்று மாறியிருக்கிறது, கவனி’ என்று மட்டும்தான் சொல்லும். வியர்வையில் வில்லை வழுக்கும், தப்பாகவும் அலாரம் அடிக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நாமதான். எங்கள் ரெய்டரின் காலில் அன்றைக்கு உலகத்திலேயே விலை அதிகமான சென்சாரைக் கட்டியிருந்தாலும் என்ன நடந்திருக்கும்? சிவப்பு லைட் எரிந்திருக்கும். அவன் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு கிரவுண்டுக்குள் போயிருப்பான். வீட்டில் அப்பாவுக்கு வேலை இல்லை, தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டணும், ஒரே வழி ஸ்போர்ட்ஸ் கோட்டா. அண்ணாச்சி சொன்னது அவனுக்கு நன்றாகவே கேட்டது. கேட்டதால்தான் பயந்து, மறைத்தான். ‘வலிக்குது’ என்று சொல்லும் பையனை டீமிலிருந்து தூக்குவதற்குப் பதில், நாலு வாரம் கழித்து இன்னொரு சான்ஸ் கொடுக்கும் கோச் இருந்தால்தான் கருவிக்கே மரியாதை. அந்த ரிப்போர்ட்டும் முதலில் விளையாடுகிறவன் கைக்கு வரணும். அவனைக் கழற்றிவிடக் காரணம் தேடுகிறவர் கைக்கு இல்லை.

சரி, சென்சார் வாங்கக் காசில்லை. என்ன செய்யலாம்?

* காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் பத்து எட்டைக் கவனியுங்கள். குதிகாலுக்கு மேலே விறைப்பா? நடந்தால் சரியாகி, மறுநாள் காலையில் திரும்ப வருகிறதா? அதுதான் நோட்டீஸ்.

* வலி இல்லாத நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வலதில் 25, இடதில் 14 என்று வந்தால் பிஸியோவைப் பார்க்கும் நேரம்.

* ஜுரம், வயிற்றுப்போக்கு என்றதும் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே சிப்ரோஃப்ளாக்ஸாசின் கேட்டு வாங்காதீர்கள். இந்த வகை மாத்திரைகளால் நாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு என்று 2008-லேயே அமெரிக்க மருந்துத் துறை அட்டையில் கறுப்புக் கட்டம் போட வைத்தது. டாக்டர் எழுதினால், ‘நான் ஓடுகிறவன்’ என்று சொல்லுங்கள்.

* வெறும் ரெஸ்ட் மட்டும் மருந்தில்லை. ஸ்வீடன் டாக்டர் ஹோகன் ஆல்ஃபிரெட்சனுக்கே குதிகால் நாணில் வலி. ஆபரேஷன் கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். ‘அறுந்தே தொலையட்டும், அப்போ செய்வீங்கல்ல?’ என்று படியில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி இறக்கி நாணுக்கு பாரம் ஏற்றினார். அறுவதற்குப் பதில் குணமாகிவிட்டது! 1998-ல் அதையே 15 பேருக்கு 12 வாரம் கொடுத்து ஆராய்ச்சியாக வெளியிட்டார். இன்றைக்கும் பிஸியோக்கள் அதைப் பல விதமாக மாற்றிக் கொடுக்கிறார்கள். நீங்களாகச் செய்யாமல் அவர்களிடம் கேட்டுச் செய்யுங்கள்.

எங்கள் ரெய்டர் இப்போது தென்காசியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். சாயங்காலமானால் ஸ்கூல் பசங்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறான். பிராக்டிஸுக்கு முன்னாடி எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொருத்தன் குதிகாலுக்கு மேலேயும் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்க்கிறான். “காலைல நொண்டுனியால? உண்மையைச் சொல்லு. டீம்ல இருந்து எடுக்க மாட்டேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை எந்த சென்சாராலும் சொல்ல முடியாது பாஸ்.

அடுத்த வாரம் பார்ப்போம். அதுவரைக்கும், அருவில தண்ணி விழுதான்னு கேட்கும்போது, அப்படியே உங்க காலையும் ஒரு வார்த்தை விசாரிச்சிருங்க!