இரண்டாவது திரையும் கிரேன் சோதனையும்

ஏன் முன்போல் அடிக்கடி எழுதுவதில்லை என்று நண்பர்கள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். காரணம் என் விரல்கள்தான். துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பில் 31 வருடம் ஸ்பேனர் பிடித்த கை. வலது கையில் இரண்டு விரல் இப்போது சரியாக மடங்குவதில்லை. கீபோர்டில் ஒரு பக்கம் அடிக்க அரை நாள் போய்விடுகிறது.

மூன்று வருடத்துக்கு முன் இதற்கு ஒரு வழி கிடைத்தது என்று நினைத்தேன். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய கடை. பேரனும் கூட வந்தான். அங்கே ஒரு லேப்டாப்பைக் காட்டினார்கள். கீபோர்டுக்குக் கீழே, விரலால் அம்புக்குறியை நகர்த்துவோமே, அந்த இடத்திலேயே இன்னொரு சின்னத் திரை.

"சார், இதுல விரலாலேயே எழுதுங்க. மேலே தானா டைப் ஆகிடும்" என்றார் விற்பனைப் பையன். ஆங்கிலத்தில் என் பெயரை எழுதியும் காட்டினார்.

"தமிழ் வருமா தம்பி?"

"எல்லா லாங்வேஜும் சப்போர்ட் சார்."

நோட்டீஸிலும் 'பல மொழிகளில்' என்றுதான் போட்டிருந்தது. பேங்கில் போட்டிருந்த பிக்சட் டெபாசிட் ஒன்றை உடைத்து வாங்கிவிட்டேன். வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ராயபுரம் வீட்டுக்கு வந்து 'பட்டம்' என்று எழுதிப் பார்த்தேன். 'ப' எழுதினால் ஆங்கில 'யு' வந்தது. 'ட' எழுதினால் 'எல்' வந்தது. அதற்குத் தமிழே தெரியாது!

சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "அடுத்த அப்டேட்ல வந்துடும் சார்" என்றார்கள். ஒரு வருடம் காத்திருந்தேன். பிறகு மறுபடி கேட்டபோது, இந்த மாடலுக்கு அந்த வசதியையே நிறுத்திவிட்டோம் என்று பதில் வந்தது. இத்தனைக்கும் 2015-லேயே கூகுள், ஆண்ட்ராய்டு போனில் 82 மொழிகளில் விரலால் எழுதும் வசதியை இலவசமாகக் கொடுத்துவிட்டது. தமிழும் அதில் உண்டு. என்னுடைய பழைய போன் செய்கிற வேலையை இந்த விலை உயர்ந்த திரை செய்யவில்லை.

இரண்டாவது திரையில் இப்படி நடப்பது புதிதும் இல்லை. 2007-ல் மைக்ரோசாஃப்ட் விஸ்டா வந்தபோது 'சைட்ஷோ' என்று ஒன்று சொன்னார்கள். லேப்டாப் மூடியின் வெளிப்பக்கம் ஒரு குட்டித் திரை. மூடியைத் திறக்காமலேயே மெயிலும் காலண்டரும் பார்க்கலாம். 2013-ல் விண்டோஸ் 8.1 வந்தபோது அந்த வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. ஆப்பிள் 2016-ல் கீபோர்டுக்கு மேலே 'டச் பார்' என்ற நீளத் திரையை வைத்தது. 2021-ல் பெரிய மாடல்களில் பழையபடி பட்டன்களே வந்தன. 2023-ல் கடைசி மாடலும் போயிற்று.

காரணம் எளிதுதான். கண்ணாடியை ஒட்டிவிட்டால் மட்டும் திரை வேலை செய்யாது. அதற்கென்று தனியாக மென்பொருள் எழுத ஆள் வேண்டும். அந்த மாடல் கொஞ்சம் பேரிடம்தான் இருக்கிறது என்றால் எவரும் மெனக்கெட்டு எழுதமாட்டார்கள். எழுதாததால் மற்றவர்களும் வாங்கமாட்டார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது முதலில் காசு கொடுத்தவன்.

எங்கள் துறைமுகத்தில் இந்தப் பேச்சு நடக்காது. கிரேன் மேல் எவ்வளவு எடை தூக்கும் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அந்த எழுத்தை நம்பி யாரும் கொக்கியில் சரக்கை மாட்டியதில்லை. 20 டன் வரைக்குமான கிரேன் என்றால், எழுதியிருப்பதைவிட 25 சதவீதம் கூடுதல் சுமையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தகுதியுள்ளவர் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கிரேனை வேலைக்கு விடுவார்கள். "இப்போது 8 டன் தூக்கும், மீதி 2 டன் அடுத்த அப்டேட்டில் தூக்கும்" என்று எவனாவது சொல்லியிருந்தால் எங்கள் ஃபோர்மேன் அவனைக் கேட்டுக்கு வெளியே விட்டிருப்பார்.

"சாஃப்ட்வேர் அப்படித்தான் தாத்தா, பின்னாடிதான் வரும்" என்கிறான் பேரன். பின்னாடி வருகிற வசதிக்குப் பணத்தையும் பின்னாடி வாங்கிக்கொள்ளட்டுமே! பணத்தை மட்டும் முன்னாடியே முழுசாக வாங்குகிறார்களே.

என் கருத்து இதுதான். 'சப்போர்ட்' என்பது கிரேன் மேல் எழுதும் எடையைப் போன்ற வார்த்தை. எந்த மொழி, எந்த வேலை, இன்றைக்கு உண்டா இல்லையா என்று பெட்டியின் மேலேயே எழுத வேண்டும். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைக் குற்றமாகச் சொல்கிறது. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். "வரும், வரும்" என்ற பேச்சை நம்பி நான் அதையும் விட்டுவிட்டேன்.

தப்பு என் பேரிலும் இருக்கிறது. ஆயுள் முழுக்கச் சுமைச் சோதனை பார்த்தவன், கடையில் ஒரே ஒரு 'அ' எழுதிப் பார்க்கவில்லை. நீங்கள் போனால் காசு எடுக்கும் முன் உங்கள் விரலால், உங்கள் மொழியில், உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள்.

இந்தப் பக்கத்தைப் போனில் விரலால் எழுதி, லேப்டாப்புக்கு அனுப்பித் திருத்தினேன். சின்னத் திரையில் கால்குலேட்டர் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. உடைத்த டெபாசிட்டுக்கு எவ்வளவு வட்டி போயிற்று என்று அதில்தான் கணக்குப் போட்டேன்.