மீன் தொட்டிக்கு ஏர் பம்ப் கட்டாயமா? அட போங்கப்பா!

மக்களே, தேனியில மீன் தொட்டி வாங்கப் போனா, மீனுக்கு முன்னாடி ஏர் பம்பைத்தான் நீட்டுறாங்க. "இது இல்லேன்னா மீன் செத்துரும் சார்"னு பில்டப் வேற. கம்பம் பக்கம் தோட்டத்துக் கிணறுகள்ல துள்ளுற கெண்டைக்கு எவன் பம்ப் மாட்டினான்?

குமிழியில இருந்து தண்ணியில கரையுறது கொஞ்சம்தான். அது மேல வந்து உடைஞ்சு தண்ணியைப் புரட்டி விடுது பாருங்க, ஆக்சிஜன் பெரும்பாலும் அங்கதான் கரையுது. தண்ணியை மேல இருந்து கொட்டுற ஃபில்டரும் அதே வேலையைச் செய்யும். சுருளி அருவி பண்றதும் அதானே! ஃபைட்டர், கௌராமி எல்லாம் மேல வந்து நேரா காத்தையே இழுத்துக்கும்.

உடனே பம்பைத் தூக்கி எறிஞ்சுடாதீங்க. 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிக்கும். 30 டிகிரியில ஏழரைதான். சித்திரை வெயில்ல சின்னத் தொட்டியில 10 கோல்டு ஃபிஷ்ஷை அடைச்சா பம்ப் வேணும்தான். ஆனா அது நம்ம தப்புக்கு வைக்கிற முட்டு. நானும் அப்படி அடைச்சவன்தான். ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. விடிஞ்சு பார்த்தா எல்லாம் மிதக்குது.

கிணறு மாதிரி அகலமான வாய், கம்மியான மீன். முதல்ல இதைச் செய்யுங்க. பம்பை அப்புறம் பார்த்துக்கலாம்.