வில்லை இருக்க வேண்டிய இடம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலக் கரையை ஒட்டி, சுப்பீரியர் ஏரியில் அப்போஸ்தல் தீவுகள் உள்ளன. இவற்றுள் 21 தீவுகளும் எதிரேயுள்ள கரைப்பகுதியும் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'தேசிய ஏரிக்கரை'யாகப் பாதுகாக்கப்படுகின்றன. பழைய கலங்கரை விளக்கங்கள் பல அங்கே இன்றும் நிற்கின்றன.

அவற்றின் வில்லைகள் இரண்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். மிச்சிகன் தீவுக் கோபுரத்தில் இருந்த வில்லை இப்போது பேஃபீல்டு ஊரின் பார்வையாளர் கூடத்தில் இருக்கிறது. டெவில்ஸ் தீவின் வில்லையோ, கழற்றப்பட்ட பின் 1992இல் பழைய கோபுரத்திலேயே மீண்டும் பொருத்தப்பட்டது. இரண்டாவதே நல்ல முடிவு என்பது என் கருத்து.

விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறும். அதைத் திரட்டிக் கிடையாக அனுப்பப் பெரிய வில்லை வேண்டும். ஆனால் கனத்த கண்ணாடி பாரமானது, ஒளியையும் உட்கவரும். ஒளி விலகுவது கண்ணாடியின் பரப்பில்தானே? எனவே நடுவிலுள்ள கனத்தை நீக்கி, சாய்ந்த பரப்புகளை மட்டும் வளையங்களாக அடுக்கினார், பிரெஞ்சு அறிஞர் பிரெனெல். இது 1822இல் நடந்தது.

இவ்வளவையும் கூடத்திலேயே கற்கலாம். ஆனால் வில்லையை ஏன் அத்தனை உயரத்தில் வைத்தார்கள்? புவி உருண்டை என்பதால், உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். டெவில்ஸ் தீவு விளக்கு நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் மேலே உள்ளது. அடிவானம் சுமார் 20 கிலோமீட்டர். அக்கோபுரம் காற்றில் அதிர்ந்ததால் 1914இல் வெளிப்புறத்தில் எஃகுத் தாங்கிகள் அமைத்தார்கள். உயரம், காற்று, அதிர்வு ஆகியவற்றைக் கோபுரத்தடியில் நிற்பவனே உணர்வான்.

"தீவுக்குப் போவோர் சிலரே, கூடத்தில் பலர் பார்ப்பார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஏரியின் நீர் கோடையிலும் குளிர்ந்தது. அலை எழுந்தால் படகு கரை சேராது. ஆனால் பலருக்குக் காட்ட ஒரு மாதிரி வில்லை போதும். உண்மையான கருவி, அது தீர்த்த சிக்கலின் அருகிலேயே இருக்கட்டும். இடத்தைவிட்டுப் பிரித்த கருவி விடையை மட்டும் காட்டும், வினாவைக் காட்டாது.

சரி, கோபுரத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் ஒளி எட்டும் தொலைவும் இருமடங்காகுமா? கணக்கிட்டுப் பாருங்கள்.