பதினெட்டு வயசுக்கு அப்புறம் பாப்பா எங்கே போவாள்?
(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

நண்பர்களே, முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முதலாம் ஆண்டு சேர்ந்த புதிதில், ஹாஸ்டல் மொட்டை மாடியில் எல்லோரும் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "தங்கச்சி பத்தாவது படிக்கிறா" என்று சொன்னேன். அவள் படிக்கவில்லை. வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். ஒன்றரை வருஷமாக இந்தப் பொய்யோடுதான் உங்களோடு மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

போன வருஷம் நம் சங்கத்தின் சார்பில் ஒரு காப்பகத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பிஸ்கட் பாக்கெட், பழம், குரூப் போட்டோ, ரெண்டு மணி நேரத்தில் பஸ் ஏறிவிட்டோம். அங்கே ஒரு பையன் என் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. அவன் முகம் அப்படியே பாப்பா முகம். நான் கையை உதறிவிட்டு, போட்டோ எடுக்கிறவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இந்தக் கட்டுரைக்கு விதை அன்றைக்கு விழுந்தது.

விஷயத்துக்கு வருவோம். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-ஆம் எண் குரோமோசோம் ஒன்று அதிகம், ஆக 47. இங்கிலாந்து மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் 1866-லேயே இதை விவரித்து எழுதினார். காரணம் குரோமோசோம்தான் என்று பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்டது 1959-இல். மொத்தம் இவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் இதற்கு எத்தனை காரணம் சொன்னார்கள் தெரியுமா! கிரகணத்தன்று அம்மா வெளியே வந்தாளாம், ஜாதகத்தில் தோஷமாம், மாமியாரை எதிர்த்துப் பேசினாளாம். தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் பாப்பா பிறந்தபோது எங்கம்மாவுக்கு 22 வயசு. யாருக்கும் நேரலாம். அந்தக் கூடுதல் குரோமோசோமுக்கு எங்கம்மா பதினாறு வருஷமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருதயத்தில் கோளாறு இருக்கும். பாப்பாவுக்கும் ஓட்டை இருந்தது. மதுரையில் ஆபரேஷன் ஆயிற்று, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில். "ரொம்ப நாள் இருக்காதும்மா" என்று ஒரு டாக்டர் அப்போது சொன்னாராம். அமெரிக்காவில் 1983-இல் இவர்களின் சராசரி ஆயுள் 25 தான். இப்போது 60-ஐ ஒட்டி வந்துவிட்டது. சந்தோஷமான செய்திதானே? ஆனால் ராத்திரியில் அம்மா தூங்காமல் கிடப்பதும் இதனால்தான். "எனக்கப்புறம் யாருடா தம்பி?"

பாப்பா ஐந்தாவது வரை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தாள். மணி அடிக்கிற வேலை அவளுக்கு. அதன் பிறகு பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பகல் நேர மையம். வேன் வரும். அந்த மூன்று வருஷமும் எங்கள் வீட்டில் பொற்காலம் என்றே சொல்வேன். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு ஒழுங்காக வேலைக்குப் போனாள். பாப்பா தானாகக் குளிக்க, தலை பின்ன, பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் வித்தியாசம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். பிறகு அவள் பெரிய மனுஷி ஆனாள். மறு மாதமே மையத்தில் இருந்து சொல்லி அனுப்பினார்கள், "வயசுக்கு வந்த பிள்ளை, நாங்க பொறுப்பெடுக்க முடியாது." வேன் நின்றது. அம்மாவின் வேலை நின்றது. லோடுமேன் சம்பளம் ஒன்றில் அப்பா நாலு பேருக்குச் சோறு போடுகிறார், அதில் என் பரீட்சை ஃபீஸும் சேர்த்தி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் பாதி, அம்மா வீட்டோடு முடங்கியதால் வந்தது என்பதை நான் எப்படி மறப்பேன்?

சின்னப் பிள்ளையாக இருக்கும்வரை கொஞ்சுகிறார்கள். பதிமூன்று பதினாலு ஆனால் ஊர் ஒதுங்கிக்கொள்கிறது. உடம்பு வளர்கிறது, ஆசையும் கோபமும் வளர்கிறது, போக இடம் மட்டும் குறைகிறது. மாதவிடாய் நாட்களை எப்படிச் சொல்லித்தருவது, யார் தொட்டால் கத்த வேண்டும் என்று எப்படிப் புரியவைப்பது... இதையெல்லாம் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? கதவைப் பூட்டி வைப்பதுதான் எங்கம்மாவுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது. உயர்கல்வியில் 5 சதவீத இடம் என்கிறது. நல்லது. ஆனால் பத்தாவது தேறாத பாப்பாவுக்கு அந்த 5 சதவீதத்தால் என்ன லாபம்? அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு, எல்லாத் தொழிற்பயிற்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனிப் பயிற்சியும் சந்தைத் தொடர்பும் வேண்டும் என்கிறது. தொழிற்பயிற்சி என்றால் யார் நண்பர்களே? நாம்தானே!

நம் ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் பழைய ஷெட்டில் துருப்பிடித்த போர்டு ஒன்று தொங்குகிறது, பார்த்திருப்பீர்கள். 'சமுதாய பாலிடெக்னிக்.' 1978-79-இல் மத்திய அரசு 36 பாலிடெக்னிக்குகளில் ஆரம்பித்த திட்டம் அது. ஊர் ஜனங்களுக்கு இலவசமாகச் சில மாதப் பயிற்சி கொடுத்தார்கள், படிப்புத் தகுதி கேட்டதில்லை. அந்த போர்டைத் துடைத்து மாட்டினால் என்ன என்பதுதான் என் கேள்வி. சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் போதும். சுற்று வட்டாரத்தில் பாப்பா மாதிரிப் பத்துப் பேர் தேறுவார்கள். வட்டார வள மையத்துச் சிறப்பு ஆசிரியரிடம் பட்டியலே இருக்கும்.

நடக்குமா என்பீர்கள். தீபாவளி லீவில் நானே செய்து பார்த்தேன். எம்6, எம்8, எம்10 நட்டுகளைக் கலந்து கொட்டி, மூன்று டப்பாவில் ஒவ்வொரு நட்டை மாதிரிக்கு ஒட்டி வைத்தேன். முதல் நாள் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டாள். இரண்டாம் நாள் டப்பாவைத் தூக்கி எறிந்தாள். எனக்கும் கோபம், அதட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: ஃபிட்டிங் லேபில் நமக்கு எடுத்ததும் வி-ஜாயிண்ட்டா கொடுத்தார்கள்? முதலில் ஃபைல் பிடிக்க, பிறகு ஒரு பக்கம் சமமாக்க, பிறகு மார்க்கிங், பஞ்சிங் என்றுதானே. அதே மாதிரி இரண்டே சைஸில் தொடங்கினேன். லீவு முடிகிறபோது மூன்றையும் பிரித்தாள். மெதுவாகத்தான். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டாள், டீ கேட்பாள். நாம் மட்டும் என்னவாம்?

பிள்ளைகள் உள்ளே பழகும்போது தாய்மார் வெளியே மர நிழலில் உட்காரட்டும். ஒருத்திக்குத் தெரிந்தது இன்னொருத்திக்குத் தெரியும். சென்னையில் உள்ள இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பைத் தொடங்கிய சுரேகா ராமச்சந்திரனும் இப்படி ஒரு மகளைப் பெற்ற தாய்தான். பாப்பாவுக்கு 18 ஆனதும் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க, 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது. அதே அறக்கட்டளையில் 'நிராமயா' என்று ஒரு லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. இதை எங்கம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. நான் லைப்ரரியில் படித்துத்தான் சொன்னேன். படிக்கிற பிள்ளை இல்லாத வீடுகளில் யார் சொல்வார்கள்? டவுன் பஸ்ஸில் இவர்களுக்கும் கூட வருகிறவருக்கும் டிக்கெட் இல்லை, அதனால் வந்து போகிற செலவும் கிடையாது.

சங்கச் செயலாளரிடம் மனு கொடுத்திருக்கிறேன். பிரின்சிபால் சார் "பொறுப்பாசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் பார்க்கலாம்" என்றிருக்கிறார். ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர் அண்ணன் சாவி தரத் தயார். ஒரு சனிக்கிழமைக்கு ஆறு மாணவர்கள் வேண்டும், அதில் இரண்டு பேராவது மாணவிகள். இதுவரை மூன்று பெயர் சேர்ந்திருக்கிறது, என்னையும் சேர்த்து.

ஆண்டு விழாவுக்கு பாப்பாவை அழைத்து வருகிறேன். முன் வரிசையெல்லாம் வேண்டாம். ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் மட்டும் இடம் கொடுத்துவிடாதீர்கள், சத்தம் என்றால் காதைப் பொத்திக்கொள்வாள்.